தலை எண்ணிய வாரம்

ஜனவரி 12

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை; சளி மட்டும் வந்து வந்து போகிறது. நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? போன் செய்தால் அண்ணி, "அடுப்புல வேலை இருக்குடி, இந்தா அண்ணன்ட்ட பேசு" என்று உன்னிடம் கொடுத்துவிடுகிறார். நீயோ "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தில் வந்தால்தான் நீ எதையும் இரண்டு தடவை படிப்பாய். அதனால்தான் கடிதம்.

விஷயம் இதுதான். நம் கிளை ரயில் பாதையில் ஓடும் டீசல் வண்டிகளுக்கு இந்த அக்டோபர் முப்பத்தொன்றோடு ஆயுசு முடிகிறது. அதற்கு மேல் ஓட்ட அனுமதி இல்லை. புது ஏற்பாடு இன்னதென்று முடிவானால், அது வந்து சேரும்வரை பழையதையே ஓட்டலாம் என்று நீட்டித்துக் கொடுப்பார்கள். எது புது ஏற்பாடு என்று அறிக்கை எழுதும் குழுவில் என்னைப் போட்டிருக்கிறார்கள்.

வழி இரண்டு. சந்திப்பு ஸ்டேஷனோடு நின்றுபோன மின்கம்பியை நம் ஊர் வரைக்கும் அறுபத்திரண்டு கிலோமீட்டர் இழுப்பது ஒன்று. கம்பி இருக்கிற இடத்தில் மின்சாரத்திலும் இல்லாத இடத்தில் டீசலிலும் ஓடுகிற இரட்டை வண்டியை வாங்கிப்போடுவது மற்றொன்று. கம்பி என்றால் அதற்கு இடம் வேண்டும். பதினொரு பாலங்களைத் தூக்கிக் கட்ட வேண்டும். உன் கடையை ஒட்டிய ரோட்டுப் பாலமும் அதில் ஒன்று. பாலம் உயர்ந்தால் சரிவு நீளும். நீண்டால் பதினான்கு கடைகள் போகும். மூன்றாவது கடை உன்னுடையது.

இதை நான் உனக்கு எழுதவே கூடாது. நோட்டீஸ் கையில் வந்த அன்று நீ இடிந்து உட்காரக்கூடாதே என்றுதான் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

என் வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஒரு வருஷம் ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே குடியிருந்தவளுக்கு இந்த வேலை கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்திருக்கிறது. போன வாரம் ஏதோ ஒரு ஜோக்குக்குச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து பார்த்தார்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை

*

ஜனவரி 27

வாலுக்கு அண்ணன் எழுதுவது.

நலம். அண்ணி நலம். சளி வந்து வந்து போகிறதென்றால் ஒரு டாக்டரைப் பார். தானாகப் போகட்டும் என்று விடாதே.

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கிழிப்பதற்கு முன் நான்கு தடவை படித்தேன்.

இருபத்தாறு வருஷமாகப் பம்புசெட்டுக்கு பெல்ட்டும் பேரிங்கும் என்ஜின் ஆயிலும் விற்கிறவன் நான். கரன்ட் மோட்டார் வாங்கிப் போகிறவன் மூன்று வருஷத்துக்குக் கடைப்பக்கம் தலைகாட்ட மாட்டான். டீசல் என்ஜின்காரன் மாதம் தவறாமல் கிரீஸ் கையோடு வந்து நிற்பான். எது நல்ல சரக்கு என்று கேட்டால் மோட்டார் என்பேன். எது எனக்கு நல்லது என்று கேட்டால் டீசல் என்பேன். இரண்டையும் ஒரே வண்டியில் வைப்பது, ஒரு சமையல்கட்டில் இரண்டு சமையல்காரர்களை வைக்கிற மாதிரி. ஒருத்தர் சமைக்கும்போது இன்னொருத்தர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இது எனக்கே தெரிகிறதென்றால் உங்கள் ஆபீசுக்கும் தெரியும்.

இருந்தாலும் எனக்கு இரட்டை வண்டிதான் வேண்டும். தள்ளுவண்டியில் பெல்ட்டைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைந்தவன் ஷட்டர் போட்ட கடைக்கு வர எவ்வளவு நாளாயிற்று என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் எழுது. கம்பி இழுக்கிற வேலை நடக்கும்போது வண்டி ஓடுமா, நிற்குமா? முக்கியமாகக் காலை ஏழேகால் வண்டி; சந்திப்பிலிருந்து மூன்றரைக்குத் திரும்புகிற வண்டி.

செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் போன் செய்யாதே. வெளிவேலையாகப் போய்விடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

*

பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணனுக்கு,

சளி விட்டது. நீங்கள் இருவரும் சுகம் என்பதில் சந்தோஷம். வாரத்தில் மூன்று நாள் கடையை மூடுகிற ஆளா நீ? காய்ச்சலிலும் ஷட்டரைத் தூக்கினவனாயிற்றே. பணக்காரனாகிவிட்டாய் போலிருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: நிற்கும். எட்டு மாதம் வண்டியே இருக்காது. மலைக்குள் போகும் சுரங்கப்பாதையின் தரையைத் தோண்டி இறக்கினால்தான் கம்பிக்கு இடம் வரும். தோண்டும்போது வண்டி விட முடியாது. அதுவரை மலை ரோட்டில் பஸ் விடுவார்கள். மூன்றரை மணி நேரமாகும் என்கிறார்கள்.

ஆனாலும் என் மனசு கம்பிப் பக்கம்தான், அண்ணா. இரட்டை வண்டி தன் டீசல் என்ஜினையும் டாங்கியையும் கம்பிக்கு அடியிலும் சும்மா சுமந்துகொண்டே ஓட வேண்டும். இரண்டுக்கும் பழுது பார்க்க வேண்டும். சுரங்கத்துக்குள் புகை அப்படியேதான் இருக்கும். முதலில் மலிவு, முப்பது வருஷத்தில் செலவு. கம்பி நேர் எதிர். எட்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டால் ஒரு தலைமுறைக்கு நிம்மதி.

முடிவெடுக்க எங்கள் குழுவுக்குக் கொடுத்திருக்கிற அட்டவணைப்படி, ஐந்து ஸ்டேஷன்களும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஆயிரம் பேருக்கு மேல் ஏறினால் கம்பி. குறைந்தால் இரட்டை வண்டி. டிக்கெட் இயந்திரம் பாதி நாள் வேலை செய்வதில்லை, பாஸ்காரர்களோ பதிவிலேயே வருவதில்லை. அதனால் மார்ச் முதல் வாரம் அந்தந்த ஊர் வியாபாரிகள் சங்கமே தலையை எண்ணித் தாளில் எழுதி முத்திரை போட்டு அனுப்ப வேண்டும். அங்கே செயலாளர் நீ. எண்ணுவதில் உன்னை விடக் கெட்டிக்காரர் யார்?

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை

*

பிப்ரவரி 15
(எழுதியது, அனுப்பவில்லை)

வாலு,

அண்ணி நலம் என்று நான் எழுதுவது பதினான்கு மாதமாகப் பொய். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் சந்திப்பில் இருக்கிற ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் மெஷினில் படுக்கிறாள். ஏழேகால் வண்டியில் போவோம், மூன்றரை வண்டியில் திரும்புவோம். மூன்றாவது பெட்டி, இடதுபக்க ஜன்னல். அங்கேதான் ஆட்டம் குறைவு. திரும்பும்போது சீட்டில் காலை நீட்டிப் படுத்துவிடுவாள். எதிர் சீட்டுக்காரர்கள் பழகிவிட்டார்கள், அவர்களாகவே எழுந்து இடம் விடுகிறார்கள்.

வண்டி ரத்தான ஒரு நாள் பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். திரும்பி வருவதற்குள் ஒன்பது தடவை வாந்தி. ஊசி போட்ட கை வீங்கிவிட்டது. மறுநாள் எழுந்திருக்கவில்லை. டாக்டர், "இந்த அலைச்சல் இவங்களுக்கு ஆகாது" என்றார். எட்டு மாதம் அந்தப் பஸ் என்றால் அவள் இரண்டு மாதம் தாங்க மாட்டாள்.

உனக்குச் சொல்லலாமா என்று அவளிடம் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "அவ இப்பத்தான் சிரிக்க ஆரம்பிச்சிருக்கா. இன்னொரு ஆஸ்பத்திரி வராண்டாவ அவளுக்குக் காட்டாதீங்க. சொன்னீங்கன்னா நான் அடுத்த வாரத்துல இருந்து ஊசிக்கே வரமாட்டேன்" என்கிறாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

சந்திப்பிலேயே ஒரு வீடு பார்த்துப் போய்விடலாம் என்றும் சொன்னேன். "கடைய யாரு பார்ப்பா? ரயில்தான் இருக்கில்ல" என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கும் சௌகரியமாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

எழுந்து வருகிற சத்தம் கேட்கிறது. இதை பேரிங் டப்பாவில் போட்டு வைக்கிறேன்.

*

பிப்ரவரி 16

வாலுக்கு,

நலம். அண்ணி நலம்.

கம்பி வேண்டாம். என் கடை போகும். அவ்வளவுதான் காரணம், வேறு காரணம் தேடாதே. முப்பது வருஷக் கணக்கெல்லாம் முப்பது வருஷம் இருக்கப்போகிறவர்களுக்கு. உன் கையில் அறிக்கை இருக்கிறது. கூடப் பிறந்தவனுக்காக ஒரு பக்கம் சாய்ந்தால் குடி முழுகிப்போகாது.

அண்ணன்

*

மார்ச் 12

வாலுக்கு அண்ணன் எழுதுவது.

இங்கு நலம். அண்ணியும் நலம். போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. கோபம் என்று தெரிகிறது. கோபம் உடம்புக்கு ஆகாது, நேரத்துக்குச் சாப்பிடு.

தலை எண்ணும் வாரம் முடிந்து தாளை அனுப்பிவிட்டோம். கூத்தாகத்தான் நடந்தது. நானும் டயர்க்கடைக்காரரும் பிளாட்பாரத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம். ஸ்டேஷன் மாஸ்டர் வந்து, "என் ஸ்டேஷன்ல என்னை எண்ணுவீங்களா மாட்டீங்களா?" என்றார். டயர்க்கடைக்காரர், "நீங்க வண்டியில ஏறினா எண்ணுவோம் சார். பதினெட்டு வருஷமா கொடி காட்டிக்கிட்டேதான நிக்கிறீங்க, எங்க ஏறினீங்க?" என்றார். தையல்கடைக்காரர் பாக்கு வாங்க இரண்டு தடவை இறங்கி இரண்டு தடவை ஏறினார். அவரை எத்தனையாகப் போடுவது என்று கால் மணி நேரம் சண்டை. அதற்குள் வண்டியே போய்விட்டது, தையல்கடைக்காரர் கீழே நிற்கிறார்.

எங்கள் ஊர்ச் சராசரி ஒரு நாளைக்கு 270. நீ நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். ஊர் முன்னைப் போல இல்லை.

அண்ணன்

*

ஜூன் 24

அண்ணா,

மூன்று மாதமாக எழுதவில்லை. கோபமும் உண்டு, வேலையும் உண்டு. நீயும் அண்ணியும் சுகம்தானே?

ஐந்து ஊர்த் தாள்களும் சேர்த்து ஒரு நாள் சராசரி 388. கூட்டினபோது என் கண்ணை நம்பவில்லை. மூன்று தடவை கூட்டினேன்.

இப்போது உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அட்டவணையில் மூன்றாவதாக ஒரு வரி இருந்தது. நானூறுக்குக் கீழே என்றால் கம்பியும் வேண்டாம், இரட்டை வண்டியும் வேண்டாம். பாதையை மூடிவிட்டுப் பஸ் விடலாம். அதை பிப்ரவரியில் உனக்கு நான் எழுதவில்லை. ரகசியம் என்பதற்காக இல்லை. நம் பாதை அவ்வளவு கீழே இறங்கும் என்று கனவில்கூட நினைக்கவில்லை. வீணாக எதற்கு உன்னைக் கலவரப்படுத்துவது என்று விட்டுவிட்டேன்.

நேற்று முடிவாகிவிட்டது. புது ஏற்பாடு எதுவும் இல்லாததால் நீட்டிப்பும் இல்லை. அக்டோபர் 31 கடைசி வண்டி. பாலத்தைத் தூக்க மாட்டார்கள். உன் கடை பத்திரம்.

சின்ன வயசில் அந்த வண்டியில் நிற்க இடமில்லாமல் உன் தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனேனே அண்ணா. அந்தக் கூட்டமெல்லாம் எங்கே போயிற்று?

தங்கை

*

ஜூலை 1

வாலு,

கூட்டம் எங்கேயும் போகவில்லை. நான்தான் குறைத்தேன்.

எங்கள் ஊரில் உண்மையான சராசரி 462. தாளில் 270 என்று போட்டேன். சோதனைக்கு யார் வந்தாலும் சரக்கைக் குறைத்துக் காட்டுவது என் கைப்பழக்கம். கடை போட்ட நாளிலிருந்து வருகிறது. நிறைய வைத்திருக்கிறவனிடம்தான் பிடுங்குவார்கள், கொஞ்சமாக வைத்திருப்பவனை விட்டுவிடுவார்கள் என்பது நான் கற்ற பாடம். இல்லை என்று நினைத்தால் கடையையே இழுத்து மூடிவிடுவார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மற்ற நான்கு ஊர்ச் சங்கத்துக்காரர்களும் என்னிடம் சரக்கு எடுப்பவர்கள். அவர்களையும் கூப்பிட்டுப் பேசினேன். "கொஞ்சம் குறைச்சுப் போடுங்க, கம்பி வராம தப்பிச்சுக்கலாம்" என்றேன். எல்லாருக்கும் ஏதோ ஒரு பாலத்தடியில் ஒரு கடை இருக்கிறது. எல்லாம் சேர்ந்து எண்ணூறு, எண்ணூற்றைம்பது வரும் என்று கணித்தேன். உன் கடிதம் வந்ததும் ஒவ்வொருவரையும் கேட்டேன். உண்மையில் அறுநூற்றுத் தொண்ணூறு பேர் ஏறுகிற இடத்தில் நான்கு பேருமாகச் சேர்ந்து நூற்றுப் பதினெட்டு என்று எழுதியிருக்கிறார்கள். "மத்தவங்க சரியாப் போட்டிருப்பாங்கன்னு நினைச்சேன், அண்ணாச்சி" என்று நான்கு பேரும் ஒரே வார்த்தையாகச் சொல்கிறார்கள். பாடமாக்கி வைத்த மாதிரி.

இந்தக் கடிதத்தை உன் மேலதிகாரியிடம் காட்டு. கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்புகிறேன். என்ன தண்டனை உண்டோ கொடுக்கட்டும். வண்டியை மட்டும் நிறுத்தவிடாதே. காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், எழுதச் சொல்கிற இடத்தில் எல்லாம் எழுதுகிறேன்.

நான் நலம். அண்ணி நலம்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 18

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை டைரக்டரிடம் கொண்டுபோனேன். முழுக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அஞ்சு சங்கம், அஞ்சு கையெழுத்து, அஞ்சு முத்திரை. இன்னிக்கு உங்க அண்ணன் பொய்னு சொல்றார்னு மாத்தினா, நாளைக்கு இந்தக் கடுதாசியும் பொய்னு சொல்ல மாட்டாரா?"

"திரும்ப எண்ணலாம் சார். ஒரு வாரம் போதும்."

"எண்ணலாம்மா. அடுத்த வருஷம் எண்ணலாம். அதுக்குள்ள வண்டிக்கு அனுமதி முடிஞ்சிரும். ஓடாத வண்டியில யாரு ஏறுவா, எதை எண்ணுவீங்க?" பிறகு கடிதத்தை மறுபடி பார்த்தார். "சரி, ஒண்ணு கேக்கறேன். குறைச்சா கம்பி வராதுங்கற விஷயம் உங்க அண்ணனுக்கு யார் சொன்னது?"

பதில் அவருக்கே தெரிந்திருந்தது. சொல்ல வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

மறுநாளே என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது தளவாடப் பிரிவில் இருக்கிறேன். மாடிக்கு மாடி போய் உடைந்த நாற்காலிகளை எண்ணுகிறேன். சரியாகத்தான் எண்ணுகிறேன். அதற்குப் பிறகும் மூன்று மனுக்கள் கொடுத்தேன். மூன்றும் பார்த்ததாகக் கையெழுத்தோடு திரும்பி வந்தன.

என் வேலைக்காக அழவில்லை. ஆயிரத்து நூற்றைம்பது பேர் ஏறுகிற வண்டியை ஒரு ஷட்டர் கடைக்காக நீ விற்றுவிட்டாய். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. கடைக்காகவா, அண்ணா?

கொஞ்ச நாள் எழுத வேண்டாம். அண்ணியைக் கேட்டதாகச் சொல். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

தங்கை

*

நவம்பர் 1

வாலு,

எழுத வேண்டாம் என்றாய். ஒரே ஒரு கடிதம் எழுதிக்கொள்கிறேன். இதோடு பிப்ரவரியில் எழுதி அனுப்பாமல் வைத்த இன்னொன்றும் இருக்கிறது. கிரீஸ் கறையாக இருக்கும். முதலில் அதைப் படி.

படித்துவிட்டாயா? கடைக்காகவா என்று கேட்டிருந்தாய். கடைக்காகவும்தான். இல்லை என்று சொன்னால் அதுவும் குறைத்துச் சொன்னதாகும்.

உனக்கு இப்போது எழுதச் சொன்னது உன் அண்ணியேதான். "இனிமே மறைச்சு என்ன ஆகப்போவுது, சொல்லிடுங்க. என்னால அவ உங்ககிட்ட பேசாம இருக்கா" என்றாள்.

நேற்றுக் கடைசி வண்டி. சனிக்கிழமை, அதனால் நாங்களும் போனோம். ஸ்டேஷன் மாஸ்டர் சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தார். கொடியைக் காட்டிவிட்டு அதைச் சுருட்டத் தெரியாமல் சுருட்டிக்கொண்டு நின்றார். டயர்க்கடைக்காரரை உட்காரவைத்து நாள் முழுக்க எண்ணச் சொல்லியிருந்தேன். 471. அதில் உன் அண்ணி ஒருத்தி.

மார்ச் மாதத் தாளில் அவள் இல்லை. நான் வெட்டின நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பேரில் முதல் ஆள் அவள்தான். வெளியாளை வெட்டக் கை கூசியது. வீட்டு ஆளிலிருந்து ஆரம்பித்தேன். ஏன் என்று கேட்க ஆளில்லை பார்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து பஸ். சந்திப்பில் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஓர் அறை பிடித்துவிட்டேன். பதினைந்தாம் தேதிதான் காலியாகுமாம். சாவியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டேன். அதுவரைக்கும் ஐந்தாறு தடவைதான், பல்லைக் கடித்துக்கொள்வோம் என்கிறாள்.

என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை. அவளிடம் பேசு.

அண்ணன்

*

நவம்பர் 6

அண்ணா,

இரண்டு கடிதமும் இன்று காலை வந்தன. உடனே போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தார். நான் அழுவது கேட்டதும், "அடுப்புல வேலை இருக்குடி" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். இத்தனை மாதமும் அப்படித்தான் மூச்சு வாங்கியிருக்கிறது. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். பத்தாம் தேதி கிளம்புகிறேன், பதினொன்று காலை சந்திப்பு. என் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க இரத்தம் சேருமா என்று டாக்டரிடம் கேட்டு வை. வராண்டாவில் உட்கார எனக்குப் பயமில்லை. உட்கார்ந்து பழகியவள்தான் நான். அதை அண்ணியிடம் சொல்.

கடைக்காகவா என்று கேட்டதை மறந்துவிடு.

வாலு

*

ஜனவரி 20

வாலுக்கு அண்ணன் எழுதுவது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நீ வந்து போய் இரண்டு மாதமாகிறது. சௌகரியமாகப் போய்ச் சேர்ந்தேன் என்று நீ எழுதிய கார்டு வந்தது. பதில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே நின்றுவிடுகிறது. நலம், அடுத்து என்ன எழுதுவது என்று கை தேடுகிறது.

இங்கே இருந்தபோது நீ என்னை எதுவும் கேட்கவில்லை. நீயே கேட்காத கேள்விக்கு இப்போது எழுதுகிறேன். நவம்பர் ஏழாம் தேதி பஸ் பாதி மலையில் நின்றுவிட்டது. ரோட்டில் மண் சரிந்திருந்தது. ஆறு மணி நேரம் அங்கேயே கிடந்துவிட்டுத் திரும்பி வந்தோம். பத்தாம் தேதியும் ரோடு திறக்கவில்லை. இரண்டு தடவை டயாலிசிஸ் தவறிப்போயிற்று. பதினொன்றாம் தேதி நீ சரிவுக்கு அந்தப் பக்கம் நின்றாய். நாங்கள் இந்தப் பக்கம். போனில் உன் குரலை அவள் காதில் வைத்தேன். கேட்டாள், சிரித்தாள். அது மட்டும் எனக்கு நிச்சயம்.

நீ போன பிறகு ஒரு நாள் சுரங்கப்பாதை வரைக்கும் நடந்து போனேன். மேலே மலையில் அவ்வளவு மண் சரிந்திருக்கிறது. உள்ளே தண்டவாளம் ஒரு கீறல் இல்லாமல் கிடக்கிறது. மேலே கொஞ்சம் துரு ஏறியிருக்கிறது. ஒரு வண்டி ஓடினால் போய்விடும்.

பாலத்தை யாரும் தொடவில்லை. பதினான்கு கடையும் இருக்கிறது. ரயிலில் இறங்கிப் பெல்ட் வாங்க வந்தவர்கள் இப்போது எங்கே வாங்குகிறார்களோ தெரியவில்லை. டயர்க்கடைக்காரர் மத்தியானமே ஷட்டரை இறக்கிவிடுகிறார். நான் வாரம் ஏழு நாளும் திறந்து வைத்திருக்கிறேன். அறைச் சாவியை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கப் போவதற்கும் அந்தப் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

நேற்று பஸ் ஆபீசிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். எத்தனை பஸ் விடுவது என்று வீட்டுக்கு வீடு கேட்டு எழுதுகிறார்களாம். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன்.

"வீட்ல எத்தனை பேருங்க?"

"ஒருத்தர்."

"வாரத்துல எத்தனை தடவை சந்திப்புக்குப் போவீங்க?"

"போறதில்லைங்க."

அவர் பேனாவை நிறுத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "ஒரு மூணு தடவைன்னு போட்டுக்கட்டுங்களா? எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க. ஆள் அதிகம்னு காட்டினாத்தான் இன்னொரு பஸ் கிடைக்கும்."

"வேண்டாங்க. உள்ளதைப் போடுங்க" என்றேன்.

சைபர் போட்டார். தாளை என் பக்கம் திருப்பினார். கையெழுத்துப் போட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்